இடது கை ஏன் இறங்கியது

குத்துச்சண்டை பற்றி எனக்கு எல்லாம் தெரியும். ஒருவரையும் குத்தியதில்லை, ஒருவரிடமும் வாங்கியதில்லை, அவ்வளவுதான் குறை. எங்கள் தையல் கடையில் காஜா எடுப்பதும் இஸ்திரி போடுவதும் என் வேலை. வெட்டுவதும் தைப்பதும் என் மனைவி. வாய் மட்டும் முழுக்க என் பொறுப்பு.

அவளுடைய தம்பி பார்சல் ஆபீசில் மூட்டை ஏற்றுகிறான். சாயங்காலம் குத்துச்சண்டை பழகுகிறான். இரண்டு மாதத்துக்கு முன்னால் நகர அணிக்கான தேர்வுப் போட்டியில் ஒரு பெயிண்டரிடம் தோற்றுப்போனான். இறுதித் தேர்வில் அதே பெயிண்டருடன் மறுபடி மோத இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஜெயிப்பவனுக்கு அணியில் இடம். தோற்றால் கையுறையைக் கழற்றி வைத்துவிடுவேன் என்று மைத்துனன் சொல்லியிருந்தான்.

"என் இடது கை பயந்தாங்கொள்ளி மாமா. அடி வர்ற நேரம் பாத்துக் கீழ போயிடுது."

அவன் எதற்கும் பயந்து நான் பார்த்ததே இல்லை.

எதிர்க்கடை வாட்ச் ரிப்பேர்காரர் தினமும் பதினோரு மணிக்கு வந்துவிடுவார். செல்போனில் எடுத்த அந்தச் சண்டையை இஸ்திரி மேசைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு விவாதிப்போம்.

"ரெண்டு ரவுண்டுக்கு மேல உங்க மச்சானுக்குச் சாவி தீந்துபோகுது. மறுபடி மோதினாலும் இதே கதைதான். பெயிண்டர் ஓரமா நின்னு காத்திருப்பான், மூணாவதுல முடிச்சுடுவான்."

"போங்க சார். நாள் பூரா மூட்டை தூக்கறவனுக்கா மூச்சு வாங்கும்? அந்தப் பெயிண்டருக்குக் கை நீளம். உள்ள புகுந்து அடிச்சா ரெண்டாவதுலயே ஆள் காலி."

"போன தடவை புகுந்தானே, என்னாச்சு?"

"அது வேற விஷயம்" என்பேன். என்ன விஷயம் என்று எனக்கே தெரியாது.

என் மனைவி இதிலெல்லாம் தலையிட மாட்டாள். வாசலில் நுழைபவரைப் பார்த்ததுமே இடுப்பு எத்தனை என்று சொல்லிவிடுகிறவள். டேப் சும்மா கழுத்துக்கு அழகுக்குத்தான் என்று கிண்டல் செய்வேன். இருபது வருடத்தில் அவள் தைத்த துணி ஒன்றுகூட ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கு அவளைவிட அதிகம். டீ வாங்கப் போன இடத்தில்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

அன்றைக்கு விவாதம் முற்றிப்போய் நான் மேசையைத் தட்டிவிட்டேன். மெஷின் சத்தம் நின்றது. அவள் எழுந்து வந்து செல்போனை எடுத்தாள்.

"அடியைப் பாக்காதீங்க. இடது கை எங்க போகுதுன்னு பாருங்க."

பார்த்தோம். கை இடுப்புக்குப் போனது. கையுறையாலேயே டிரௌசரை மேலே தள்ளிவிட்டுத் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். நான்காவது தடவை கை இறங்கியபோது பெயிண்டர் காத்திருந்து தாடையில் கொடுத்தான்.

"டிரௌசர் லூசு" என்றாள். "நான் தைச்சது. அளவெடுத்து ஒரு மாசம் கழிச்சுத்தான் சண்டை. எடைக்காக நாலு கிலோ குறைச்சான். கண்ணால பாத்தேன், ஆனா மறுபடி டேப் வைக்கல. தம்பி இடுப்பு எனக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்."

"இது எப்பலேர்ந்து தெரியும்?"

"அன்னைக்கு அங்கேயே."

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "அவன் தன்னையே பயந்தாங்கொள்ளிங்கறான். நீ வாயைத் தைச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே!"

கடைக்கு ஆள் வந்த மாதிரி இருக்கிறது என்று வாட்ச் ரிப்பேர்காரர் நழுவினார். அவர் கடையில் ஈ காக்கை இல்லை.

சாயங்காலம் தம்பி வந்ததும் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"லூசுன்னு தெரியும்க்கா. கை போனதுதான் தெரியாது."

"அப்ப ஏண்டா சொல்லல?"

"இருவது வருஷமா ஒரு துணி திரும்பி வந்ததில்லன்னு மாமா ஊர் பூரா சொல்லிக்கிட்டிருக்காரு. முதல் துணி என்னோடதா இருக்கணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் கழுத்திலிருந்து டேப்பை உருவி அவன் இடுப்பை மூன்று தடவை அளந்தாள். மூன்றாவது தடவை டேப்பைப் பிடித்தபடியே அழுதாள்.

மறுநாள் வாட்ச் ரிப்பேர்காரர் புதுக் கவலையோடு வந்தார். "துணியைச் சரி பண்ணிட்டீங்க. பழகின கையை என்ன பண்ணுவீங்க? அது போகத்தான் செய்யும். பெயிண்டரும் அதுக்குத்தான் காத்திருப்பான்."

"போகட்டும் சார்" என்றாள் என் மனைவி. "அங்க தூக்கிவிட ஒண்ணும் இல்லன்னா சீக்கிரம் திரும்பி வந்துடும்ல?"

அவர் ஸ்டாப் வாட்ச் கொண்டுவந்தார். தம்பி பழைய அளவில் ஒரு டிரௌசர், பிடித்துத் தைத்தது ஒன்று என்று மாற்றிப் போட்டுக் கடைக்குள்ளேயே குதித்தான். லூசில் கை போய் வர ஒரு செகண்டுக்கு மேல். பிடித்ததில் அதில் பாதி. "முதல் ரவுண்டுலயே பெயிண்டர் மாட்டுவான்" என்று அவரும் கட்சி மாறிவிட்டார். இல்லை, இரண்டாவதில்தான் என்று நான் சண்டை பிடித்தேன்.

இரண்டும் நடக்கவில்லை. முதல் ரவுண்டைப் பெயிண்டர் சுலபமாக எடுத்துக்கொண்டான். இரண்டாவதில் கிட்டேயே வரவில்லை. ஆனாலும் தம்பி விரட்டி விரட்டி இரண்டு மூன்று போட்டான். மூன்றாவதில் பாதி நேரம் போனதும், யாரும் சொல்லாமலே அந்த இடது கை இடுப்புக்கு இறங்கியது. பெயிண்டர் பாய்ந்தான். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அங்கே தூக்கிவிட ஒன்றும் இல்லை. கை உடனே திரும்பி வந்து அடியைத் தட்டிவிட்டது, வலது கை பெயிண்டரின் தாடையில் இறங்கியது. அவன் ஒரு முழங்காலில் உட்கார்ந்து எழுந்தான். மிச்ச நேரம் முழுக்கத் தம்பியின் கைதான் ஓங்கியிருந்தது.

புள்ளிக் கணக்கைப் படித்ததும் நடுவர் அவன் கையைத் தூக்கினார். தூக்கியது இடது கையை. அவன் அதை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. என் மனைவி இன்னும் அவன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கையை அவ்வளவு உயரம் தூக்கியும் டிரௌசர் இறங்கல பாருங்க" என்றாள்.

இப்போது நான் கதையை மாற்றிவிட்டேன். இருபது வருடத்தில் ஒரே ஒரு துணிதான் திரும்பி வந்திருக்கிறது என்று ஊர் பூராவும் சொல்கிறேன். எந்தத் துணி என்று கேட்காதவர்களையும் விடுவதில்லை.