நாக்கில் வைத்த கீல்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்துதான் நான் இரும்புக்கடையைத் திறப்பேன். அன்றைக்கு முதல் ஆளாக வந்தவர் ஒரு படகு ஆசாரி. கறுத்து மெலிந்த உடம்பு, காதில் பென்சில், கக்கத்தில் மூங்கில் பட்டைகள். படகின் பாய் சுருங்காமல் விரிந்து நிற்க, அதில் குறுக்கே பட்டை கோர்ப்பார்களாம். காற்றுக்குத் தக்கபடி அது மடங்க வேண்டுமென்று நடுவில் வெட்டிக் கீல் வைப்பாராம்.

பித்தளைக் கீலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். மனுஷர் அதை நக்கிப் பார்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன வே இது? விபூதி வச்சுக் கும்பிட்ட சரக்கை எச்சில் பண்ணிட்டீரே. இனி யாரு வாங்குவா?"

"தகடு பித்தளைதான், அண்ணாச்சி. நடு ஆணி இரும்பு, மேலே பூச்சு; ஆணி முனையிலே இரும்பு ருசி அடிக்குது. உப்புத் தண்ணியிலே துருப்பிடிச்சு இறுகிரும். பட்டை மடங்காம முறிஞ்சா படகு கவிழும். அதுலே போறவன் என் தம்பி."

"பித்தளைன்னு சொல்லித்தான்யா மொத்த வியாபாரி எனக்கு வித்தான்."

"நீங்களும் அதைத்தானே எனக்குச் சொன்னீங்க? நான் நக்கினா உங்களுக்குக் கோபம் வருது. கடலும் நக்கித்தான் பார்க்கும்."

வெறுங்கையோடு போய்விட்டார். எனக்கு விற்ற அந்த மொத்த வியாபாரியை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. என் வீட்டுப் பூஜையறைக் கதவிலும் அதே கீல்தான். அதற்கு முந்தின மழையிலிருந்தே அது இறுகிக் கிடந்தது. அன்றுவரை நான் கதவு செய்த ஆசாரியைத்தான் வைதுகொண்டிருந்தேன்.