எழும்பச் சொல்லாத காணி

எங்கள் கீழ்வீட்டுக்காரர் ஆர்னெ எதற்கும் கதவைத் தட்டமாட்டார். குப்பைத் தொட்டி நிரம்பினாலும் காகிதம், படியில் பனி உறைந்தாலும் காகிதம். எழுதிப் பொதுக்கதவில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார். ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் நான்கு குடும்பங்கள் இருக்கும் இந்த மாடிவீட்டுக்கு நாங்கள் வந்து பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. நேரில் கண்டால் அந்த மனிதர் மழையைப் பற்றி மட்டும்தான் கதைப்பார். போன இலையுதிர்காலத்தில் ஒட்டிய காகிதத்தில் 'ஃபெஸ்டே. வியாழன் ஆறு மணி, நிலவறையில். எல்லாரும் வரவும்' என்றிருந்தது. நோர்வேஜிய மொழியில் ஃபெஸ்ட் என்றால் கொண்டாட்டம். ஆர்னெ நோர்வேயின் மேற்குக்கரைக்காரர், அவருடைய ஊர்வழக்கில் ஓரெழுத்துக் கூடிக் குறைந்துதான் இருக்கும் என்று நினைத்தேன். அட, மனிசன் கடைசியில் எங்களைக் கூப்பிட்டுவிட்டாரே என்று எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. முதியோர் இல்லத்து வேலையை முடித்து ஓடிவந்து ஐம்பது ரோல்ஸ் பொரித்தேன்.

தட்டைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போதுதான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் அந்தக் காகிதத்தை வாசித்தாள்.

“ஐயோ அம்மா, பின்லி! இது ஃபெஸ்ட் இல்லை, ஃபெஸ்டே. காணிக் குத்தகை. எங்கடை குத்தகை முடியப்போகுது.”

பின்லி என்றால் வெட்கக்கேடு. அந்தச் சொல்லை அவள் பெரும்பாலும் எனக்குத்தான் பாவிக்கிறாள். என் கணவர் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். “அப்ப எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லப்போகினமோ?” என்றார்.

ஊரிலிருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். வீடு எங்களுடையது, வீட்டுக்குக் கீழே இருக்கும் நிலம் வேறொருவருடையது. வாங்கும்போதே சொன்னார்கள். குத்தகை முடியும் நாள் எங்கேயோ தூரத்தில் இருந்தது, நாங்களும் தலையாட்டிவிட்டோம். என்ன விசர் வேலை!

என்னுடைய கலியாணத்துக்கு அப்பா யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஆறு பரப்புக் காணியையும் வீட்டையும் சீதனமாக எழுதித் தந்தார். எங்கள் பக்கத்தில் காணிப் பத்திரத்துக்கு உறுதி என்று பெயர். பெயரைப் பாருங்கள், உறுதி! இரண்டே வருடம்தான் அங்கே இருந்தோம். ஒருநாள் காலை ஆமிக்காரர் வந்து, ஒரு மணித்தியாலத்துக்குள் எழும்பச் சொன்னார்கள். உறுதியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். அந்த வீடு இன்னமும் படைமுகாமுக்குள் இருக்கிறது. உறுதி ஒஸ்லோவில் என் அலுமாரிக்குள், ஓரெழுத்தும் அழியாமல் இருக்கிறது. அதனால் எழும்புவது என்ற சொல்லை இவர் சொன்னதும் அந்த அலுமாரியைத் திரும்பிப் பார்த்தேன். இன்னொரு தரம் எழும்ப என்னால் முடியாது.

மூன்று பேருமாக இறங்கிப் போனபோது நிலவறையில் ஆர்னெயும் மற்ற இரண்டு வீட்டாரும் இருந்தார்கள். அவர்களோடு முதுகுப்பையை மடியில் வைத்தபடி, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அவர்தான் காணிக்காரி, பெயர் இங்க்ரிட். அவருடைய தகப்பன் இந்த நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டவராம். ரோல்ஸ் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் முன்னாலேயே வைத்தேன். அவர் இரண்டாவதை எடுத்தபோதுதான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது.

“இனி எத்தனை வருடம் தருவீர்கள்?”

இங்க்ரிட்டுக்கு விளங்கவில்லை. “நான் தருவதற்கு என்ன இருக்கிறது? நீங்கள் கேட்டால் குத்தகை நீளும், பழைய நிபந்தனைகளோடு.”

“எதுவரைக்கும்?”

“நீங்கள் வேண்டாம் என்று சொல்லும்வரைக்கும்.”

என்னுடைய நோர்வேஜிய மொழிதான் பிழைத்துவிட்டதாக்கும் என்று மகளைப் பார்த்தேன். “ஓம் அம்மா, சட்டம் அப்பிடித்தான். அவ எங்களை எழும்பச் சொல்ல ஏலாது” என்றாள்.

அம்மாடி! எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. சுடத் துவக்கில்லை, காவலில்லை, ஒரு சட்டப்புத்தகத்தில் நாலைந்து வரி. அதற்குக் காணிக்காரியே கட்டுப்பட்டு, வாயில் ரோல்ஸோடு இருக்கிறார். முகத்தில் ஒரு கோபம்? இல்லவே இல்லை.

“உங்களுக்குக் கவலையில்லையா? உங்களுடைய காணியல்லவா?” என்று கேட்டேவிட்டேன்.

“கவலையா? இங்கே நீங்கள் குடியிருக்கிறீர்களே” என்றார், பெரிய காரணம் அதுதான் என்பதுபோல. பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்கு உங்கள் நாட்டில் காணி இருக்கிறதா?” என்றார்.

“இருக்கிறது.”

“அங்கே இப்போது யார் இருக்கிறார்கள்?”

“ஆமிக்காரர்.”

தலையை ஆட்டியபடி விரலைத் துடைத்தார். “அவர்களுடைய குத்தகை முடிய இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது?”

பதில் சொல்ல எனக்குச் சொற்கள் இருந்தன. அந்த மனிசி உண்மையாகவே, ஒரு காணிக்காரி இன்னொரு காணிக்காரியைக் கேட்பதுபோலக் கேட்டார். சொல்ல மனம் வரவில்லை. “எனக்குத் தெரியாது” என்றேன்.

ஆர்னெ பத்திரத்தை என் பக்கம் தள்ளி, முதலில் நீங்கள் கையெழுத்து வையுங்கள் என்று பேனையைத் தந்தார். இரண்டு கோடுகள் இருந்தன, மேலே காணிக்காரருக்கு, கீழே குடியிருப்பவருக்கு. வாசித்துவிட்டுத்தான் மேல்கோட்டில் பேனையை வைத்தேன். முதலெழுத்தைப் போட்டும்விட்டேன். ஆர்னெ விரலால் கீழ்க்கோட்டைக் காட்டினார்.