புரட்டிப் போடும் வேலை

சாணி அள்ளுவது எப்படி என்று யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். அள்ளச் சொன்னால்தான் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். கண்டியில் போன் கடையில் கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நின்று பழகிய உடம்பு. நாவலப்பிட்டிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அக்கா வளர்த்த இரண்டு மாடுகளுக்கும் இது தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வந்து மண்வெட்டியோடு கொட்டகைக்குள் நுழைந்தால், கழுவி முடித்த இடமாகப் பார்த்துச் சாணி போடும்.

மற்ற நாட்களில் எல்லாம் அக்காதான். விடியும் முன் பால் கறந்து, கொட்டகை கழுவி, பிறகு கொழுந்து பறிக்கப் போய், திரும்பும்போது புல்லுக்கட்டோடு வருவாள். ஞாயிறு என் முறை. அதாவது, நான் கழுவியதை அவள் மறுபடி கழுவும் நாள்.

மாடுகளில் மூத்தது செவலை. அக்கா போத்தலில் பால் கொடுத்து வளர்த்தது. மூன்றாவது கன்று போட்ட மறுநாள் அது படுத்தது, எழும்பவில்லை. அக்காவின் குரலைப் போனில் கேட்டதும் லீவு சொல்லிவிட்டு கண்டி குட்ஷெட் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது மாட்டு டாக்டர் கழுத்து நரம்பில் கல்சியம் ஏற்றிக்கொண்டிருந்தார். கன்று போட்டுப் பால் இறங்கியதில் உடம்பிலிருந்த கல்சியம் குறைந்துவிட்டதாம். ஏற்றினால் அநேக மாடுகள் எழும்பிவிடுமாம். செவலை அந்த அநேகத்தில் சேரவில்லை. போகும்போது டாக்டர் ஒன்று சொன்னார்: ஒரே பக்கம் கிடந்தால் கீழே அகப்பட்ட கால் செத்துவிடும், அடிக்கடி மறுபக்கம் புரட்டிப் போடுங்கள்.

தோசையைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் மாட்டுக்கு அடியிலிருக்கும் ஈரச் சாணியைக் கையால் வழிக்க வேண்டும். காய்ந்த மானாப்புல் பரப்ப வேண்டும். புல் மேட்டில் இருக்கிறது, அட்டையும் அங்கேதான் இருக்கிறது. பிறகு நான்கு கால்களையும் வயிற்றுக்குக் கீழே மடக்கி, கயிறு போட்டு, அக்கா ஒரு பக்கம் இழுக்க, நான் மறுபக்கம் முதுகில் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். முதல் தடவை நான் முழுப் பலத்தோடு தள்ளினேன். மாடு இருந்த இடத்திலேயே இருந்தது, நான்தான் பின்னால் வழுக்கிப்போய்ச் சாணி வழிந்தோடும் கானுக்குள் உட்கார்ந்தேன். செவலை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பரிதாபப்பட்டது போலத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் எனக்குக் கழுத்தும் திரும்பவில்லை, காலும் அசையவில்லை. அக்கா கதவருகே வந்து நின்றாள்.

"மாடாவது கன்னு போட்டுட்டுப் படுத்திருக்கு. நீ என்னத்தப் போட்டுட்டுடா படுத்திருக்க?"

எழும்பினேன்.

லயத்தில் வீட்டுக்கொரு வைத்தியம் இருந்தது. காதுக்குள் ஊதச் சொன்னார்கள். ஊதினேன், காது ஆடியது, அவ்வளவுதான். கோவில் திருநீறு பூசினோம். நாயைக் குரைக்கவிட்டால் மாடு பயந்து எழும்பும் என்றார் பக்கத்து வீட்டு மாமா. அவருடைய நாயையே கொண்டு வந்தார். அது ஒருமுறை சுற்றி மோந்து பார்த்துவிட்டு, குளிருக்கு இதமாகச் செவலையின் வயிற்றில் சாய்ந்து தூங்கிவிட்டது. பிறகு உரச் சாக்குகளைத் தைத்து வயிற்றுக்கடியில் கொடுத்து, கூரை மரத்தில் கயிறு போட்டு ஆறு பேர் தூக்கினோம். குளம்பு தரையைத் தொட்டது. கயிற்றைத் தளர்த்தினோம். கால்கள் துணி போல மடிந்தன. கூரை மரமும் விரிசல் விட்டு, தகரத்தின் வழியாக மழை உள்ளே வந்தது. அதற்குப் பிறகு சாணியோடு சேறும் வழிக்க வேண்டியதாயிற்று.

டாக்டர் மறுபடி வந்து கல்சியம் ஏற்றினார். இந்த முறை புரட்டச் சொல்லவில்லை, கையைக் கழுவிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் மாட்டு வியாபாரி வந்தார். லொறியைக் கீழே ரோட்டில் விட்டிருந்தார். எங்கே கொண்டுபோவார் என்று நாங்கள் கேட்கவில்லை.

"உசுரோட இருந்தாத்தான் ஏத்தலாம் தங்கச்சி. நாளைக்கின்னா நான் வந்து பிரயோசனமில்ல."

அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "நீ சொல்லுடா. எனக்கு ஒன்னும் ஓடல."

ஒரு போன் வாங்க வந்தவரிடம் இரண்டு விற்று அனுப்புகிற வாய் இது. அன்றைக்கு அதில் வந்தது இவ்வளவுதான்: தண்ணி குடிக்குதா பார்க்கிறேன். வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினேன். வாளியைக் கிட்டே வைத்ததும் செவலை மூக்கை உள்ளே விட்டு, நீளமாக, சத்தமாகக் குடித்தது.

"குடிக்குதுக்கா," என்றேன்.

அக்கா வியாபாரியை அனுப்பிவிட்டாள்.

இரவு முழுக்க மழை. விடிந்ததும் இன்னொரு கட்டுப் புல் அறுத்தேன். அக்கா கொழுந்துக்குப் போகவில்லை. மத்தியானம் புரட்ட வேண்டிய நேரம் வந்தது. காலை மடக்கினோம், கயிறு போட்டோம், அவள் இழுத்தாள், நான் தள்ளினேன். ஒரே தள்ளில் மாடு புரண்டது. கடைசியில் வேலை பழகிவிட்டேனே என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். அக்கா செவலையின் மூக்கருகே கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். கையை எடுக்கவே இல்லை.

மாடு எங்களுடையது, மண் தோட்டத்துடையது. புதைப்பதற்குத் தோட்டத்து மேனேஜர் துரையிடம் கேட்க வேண்டும். கேட்டு வரப் போன மாமா, உங்கள் மரக்கறிப் பாத்திக்குள் என்றால் புதைக்கலாமாம் என்ற பதிலோடு வந்தார். போஞ்சிக் கொடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெட்டத் தொடங்கினோம். மேலே சேறு, கீழே கல். மண்வெட்டி போய்க் கடப்பாரை வந்தது. என் உள்ளங்கைத் தோல் கடப்பாரையிலேயே தங்கிவிட்டது. பொழுது சாயும்போது, இவ்வளவு போதும், காலை மடக்கி வைத்தால் அடங்கும் என்றார் மாமா. நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

அக்கா குழிக்குள் இறங்கி நின்று இரண்டு பக்கமும் கையை நீட்டிப் பார்த்தாள்.

"மடக்குனது போதும். இன்னும் அகலமா வெட்டுங்க. கால நீட்டிப் படுக்கட்டும்."

நான் கடப்பாரையை எடுத்தேன்.