மரகதத்துக்கு வேண்டாத மறுவாழ்வு

மொழிபெயர்ப்பு வேலையில் தப்பெல்லாம் நம்முடையது, நல்ல வார்த்தையெல்லாம் பேசினவருடையது. இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து பேச்சை மாற்றிக் கொடுத்து, இரண்டு பக்கமும் முறைப்பு வாங்கியவர்கள் இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

சிலோன் தோட்டத் தொழிலாளர்கள் கப்பல் கப்பலாக வந்து நீலகிரியில் குடியேறிக்கொண்டிருந்த காலம். நான் குன்னூரில் ஒரு தேயிலை ஆபீஸில் டைப்பிஸ்ட். வெளிநாட்டில் நடக்கவிருந்த உலகப் பெண்கள் மாநாட்டுக்கு எங்கள் மாதர் சங்கத்திடமும் கருத்துக் கேட்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய ஆங்கில வரைவு அறிக்கையில் பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் பற்றிய பகுதியை அந்தப் பெண்களிடமே தமிழில் வாசித்துக் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விழுந்தவர்கள்

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். நெறி தவறியவர்கள் என்ற பொருளில் மாநாட்டுக்காரர்கள் எழுதியிருந்த ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கு எழுத்து மாற்றி, ‘விழுந்த பெண்கள்’ என்று வாசித்துவிட்டேன். எதிரே ஏழெட்டுப் பெண்கள். அவர்களுக்காகப் பேசியவர் மரகதம். சிலோனில் கொழுந்து பறித்து, மண்டபம் முகாம் வழியாக மலையேறி வந்தவர். முகத்தில் அத்தனை அக்கறையோடு கேட்டார்: "ஐயோ பாவம், எங்க விழுந்தாங்கம்மா? பர்லியார் கொண்டை ஊசி வளைவிலயா?"

நல்ல சொல்

அடுத்த வரி, ‘இவர்களை மீட்டு மறுவாழ்வு அளிக்க வேண்டும்.’ அதுவரை என் தப்புக்குச் சிரித்துக்கொண்டிருந்த பெண்களின் சிரிப்பு நின்றுவிட்டது. முந்தின வருஷம்தான் மரகதத்தைப் போலீஸ் ‘மீட்டு’, ஒரு விடுதியில் நான்கு மாதம் பூட்டி வைத்திருந்தது. அவருடைய ஆறு வயது மகள் அதுவரை அடுத்த வீட்டில் அழுதுகொண்டிருந்தாள். இன்னொரு தடவை அப்படி நடக்கக் கூடாது, அந்த வரியை எடுத்தே ஆகவேண்டும் என்றார் மரகதம்.

சங்கத் தலைவி லில்லி டீச்சர் விடவில்லை. மறுவாழ்வு நல்ல சொல்தானே, சிலோனிலிருந்து வந்தவர்களுக்கென்று சர்க்காரே அந்தப் பெயரில் ஒரு துறை வைத்திருக்கிறதே என்றார். மரகதம் பணிவாகத்தான் சொன்னார்: "ஆமா டீச்சர், கப்பலை விட்டு எறங்கினதுமே ஒரு மறுவாழ்வு குடுத்தாங்க. அது தாங்காமத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்."

ஊட்டியில்

மாநாட்டுக் குழுவிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஊட்டிக்கு வந்தார். மரகதம் பேச, நான் மாற்றவேண்டும். பதற்றத்தில், மரகதம் சொன்ன தமிழை அதைவிடச் சத்தமான தமிழில் அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு, மரகதத்தின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் விளக்கினேன். லில்லி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டமே சிரித்ததில் என் பயம் தெளிந்து, இரண்டாம் முறை ஒழுங்காகச் சொன்னேன். அந்த அம்மாள் பேனாவை எடுத்து மறுவாழ்வு வரியை அடித்துவிட்டு, அங்கே என்ன எழுதட்டும் என்று கேட்டார். "எங்களைப் பூட்டாதீங்க, பிள்ளைகளைப் பிரிக்காதீங்க. மத்ததை எங்களைக் கேட்டுட்டு எழுதுங்க" என்றார் மரகதம்.

ஜீப்

மாநாடு முடிந்து அச்சடித்த அறிக்கை வந்தது. மரகதத்தின் வரி அதில் அப்படியே இருந்தது. ஒரு பிரதி அடித்து அவரிடம் கொடுத்தபோது எனக்கு நடையே துள்ளலாகிவிட்டது. சில வாரத்தில், மறுபடியும் ‘மீட்க’ அவர் தெருவுக்குப் போலீஸ் ஜீப் வந்தது. மரகதம் காகிதத்தை நீட்டியிருக்கிறார். ஏட்டுக்கு இங்கிலீஷ் வராது. அதை வாசித்துச் சொல்லக் கேட்டு எல்லாரும் என் ஆபீஸுக்கே வந்துவிட்டார்கள். மகள் அம்மாவின் சேலையை விடவில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தேன்: பூட்டக் கூடாது, பிரிக்கக் கூடாது, மீறும் ஏட்டின் பெயர் வெளிநாட்டுக்கு எழுதி அனுப்பப்படும். ஏட்டு தாயையும் மகளையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து என்னிடம் மட்டும் கேட்டார்: "ஏனுங்க, எம்பட பேரை இங்கிலீஷ்ல எப்படிங்க எழுதுவாங்க?"

இத்தனை வருஷ மொழிபெயர்ப்பில் மூலத்தில் இல்லாத வரியை நான் சேர்த்தது அன்று ஒரு தடவைதான். அதில் மட்டும் இதுவரை யாரும் தப்புக் கண்டுபிடிக்கவில்லை.