மென்ற சோறு

இது கட்டுக்கதையில்லை. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். ஆனால் சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்காதீர்கள். அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஹாலிஎலவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியை. ஒரு மழை நாளில் பாடசாலைப் படியில் வழுக்கி விழுந்து, பின்மண்டை சீமெந்தில் மோதியது. பதுளையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், இரத்தக்கசிவு இல்லை, மூளை குலுங்கியிருக்கிறது என்றார். வெளிச்சம் கூசும், காது இரையும், மறதி வரும், இல்லாத நாற்றம்கூட மூக்கில் அடிக்கும், இருட்டறையில் ஓய்வெடுங்கள், தலை தெளிந்தால்தான் வகுப்புக்குப் போகலாம் என்றார். பிள்ளைகளின் பெயரையே மறந்துபோகிற டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள்? என் தலையை நான் மறுபடி நம்ப வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

என் கணவர் நிரோஷனுக்குக் கொழும்பில் வேலை. என்னைப் பார்த்துக்கொள்ள அவர் தங்கை சுதர்சினி வந்தாள். நாங்கள் புதிதாக வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் பின்னறையில் படுத்தேன். ஜன்னலுக்குக் கம்பளியைக் கட்டினாள். பல்ப் வெளிச்சம் கண்ணைக் குத்தியதால், மூலையில் ஒரு சின்ன விளக்கை ஏற்றி வைப்பாள். தட்டு உரசும் சத்தம் தலைக்குள் இடித்ததால், வாழையிலையில் சோறு வைப்பாள். கதவைச் சாத்திவிட்டுப் போவாள். நான் திடுக்கிடக் கூடாதென்று, திறப்பதற்கு முன் மெல்லத் தட்டுவாள். தங்கமான பிள்ளை.

என்னால் ஒரு பிடிகூட விழுங்க முடியவில்லை. எல்லாவற்றிலும் ஒரே நாற்றம். சொத்தைப் பல்லும் பழைய வெற்றிலை எச்சிலும் கலந்த நாற்றம். சோற்றில், தண்ணீரில், தலையணையில்... இலையைப் பார்த்தாலே குமட்டும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன்.

ஆனால் சுதர்சினி வந்து பார்க்கும்போது இலை காலியாக இருக்கும்.

"முழுசா சாப்பிட்டுட்டீங்களே அண்ணி!"

"நான் சாப்பிடலையே..."

"மறந்திருப்பீங்க. டாக்டர் சொன்னாருல்ல?"

சொன்னார்தான். நானும் நம்பினேன். படித்தவள் அல்லவா! எந்தக் கண்றாவி நடந்தாலும் அடிபட்ட தலைமேல் பழியைப் போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தேன்.

பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது.

சப்... சப்... சப்...

எச்சில் ஊற ஊற யாரோ மெல்லுகிற சத்தம். காது இரைச்சல் என்று நினைத்துக் காதைப் பொத்தினேன். இரைச்சல் என்றால் பொத்தினாலும் கேட்க வேண்டும். கேட்கவில்லை. கையை எடுத்தேன்.

சப்... சப்...

ஒரு மத்தியானம் விழித்தபோது தாடையில் ஈரம். தொட்டுப் பார்த்தேன். கொழகொழவென்று, வெதுவெதுப்பாய்... சோறு. மென்று கூழாக்கிய சோறு. என் நாக்கிலும் இருந்தது. சீ! எழுதும்போதே உடம்பு கூசுகிறது. துப்பினேன். துவாயால் நாக்கைத் தேய்த்தேன். தூக்கத்தில் நானே அள்ளிச் சாப்பிட்டிருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விரல்களைப் பார்த்தேன். காய்ந்து, சுத்தமாக இருந்தன.

மறுநாள் நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். சுதர்சினி இலையை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சப்... சப்...

மூலையில் கேட்டது. கட்டிலுக்குக் கிட்டே வந்தது.

நின்றது.

அந்த நாற்றம் என் முகத்தில் அடித்தது... மூச்சாக.

ஈர விரல்கள் என் உதட்டைப் பிரித்தன.

அவசரமில்லாமல்... பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி.

கத்தினேன்.

சுதர்சினி ஓடிவந்தாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கனகம் அக்காவும் வந்துவிட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. விளக்கையும் இலையையும் பார்த்தார்.

"என்ன புள்ள இது? செத்தவங்களுக்குப் படைக்கிற மாதிரி வச்சிருக்கீங்க?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. விளக்கு, வாழையிலை, சாத்திய கதவு, திறப்பதற்கு முன் தட்டுவது... யாராவது இறந்த எட்டாம் நாள் படையலுக்கு இதைத்தானே செய்வோம்! என் தலைவலிக்காக என்று நினைத்துக்கொண்டு, தினமும் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறோம்.

"இங்க முன்னாடி செவனம்மான்னு ஒருத்தி இருந்தா," என்றார் கனகம் அக்கா. "மகன் மரத்துல இருந்து விழுந்து மண்டையில அடி. அவனால மெல்ல முடியாது. இதே அறையில வச்சு அவதான் மென்னு மென்னு ஊட்டுனா. அவன் போனதும் அவளும் ஒண்ணும் சாப்பிடாமலே போய்ச் சேர்ந்துட்டா. அவளுக்குப் படைக்க ஒருத்தரும் இல்ல."

அன்றைக்கே பண்டாரவளையில் இருக்கும் சுதர்சினியின் வீட்டுக்குப் போய்விட்டோம். அங்கே அந்தச் சத்தம் இல்லை. நாற்றமும் குறைந்தது. கனகம் அக்கா சொன்னதெல்லாம் தற்செயல், மற்றதெல்லாம் என் தலை காட்டிய வேடிக்கை என்று நிரோஷன் போனில் சொன்னார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனாலும் சோற்றைக் கண்டால் அருவருப்பு. பிஸ்கட்டும் பால் விடாத பிளேன்டீயும்தான் என் சாப்பாடு. ஒரு பருக்கை சோறு நான் தொடவில்லை.

சில வாரங்கள் கழித்து மறுபடி டாக்டரிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணுக்கு டார்ச் அடித்தார். கோட்டில் நடக்கச் சொன்னார். மாதங்களின் பெயர்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். தடுமாறாமல் சொன்னேன். கடைசியாகத் தராசில் ஏற்றினார்.

"தலை நல்லாத் தெளிஞ்சிட்டுது, டீச்சர். போன முறையைவிட ரெண்டு கிலோ கூடியும் இருக்கிறீங்கள். ஆரோ நல்லாச் சாப்பாடு தந்திருக்கினம். இனி நீங்கள் படிப்பிக்கப் போகலாம்."

இந்த வார்த்தைக்குத்தான் நான் ஏங்கிக் கிடந்தேன். என் தலையில் ஒரு குறையுமில்லை. தலையை நம்பலாம்.

அப்படியென்றால்...

வாயைப் பொத்தினேன். மூலையிலிருந்த கைகழுவும் பேசினுக்கு ஓடிக் குனிந்தேன். காலையில் நான் குடித்தது வெறும் பிளேன்டீ.

வந்தது சோறு. நன்றாக மென்ற, இன்னும் சூடு ஆறாத சோறு.