ஞாயிற்றுக்கிழமை ஐந்து கேள்வி

அக்கா வீட்டுக்காரருக்கு ஹாக்கி மைதானத்தில் மில்லிமீட்டர் என்று பெயர். "சார், ஒரு மில்லிமீட்டர்தான் சார் கால்ல பட்டுது" என்று ஒருவன் கெஞ்சியிருக்கிறான். "அப்ப பட்டுதுல்ல" என்று சொல்லிவிட்டு மாமா எதிரணிக்குப் பந்தைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. தபால்காரர்கள், அச்சகத் தொழிலாளிகள், வங்கிக் குமாஸ்தாக்கள் என்று வாரம் முழுக்க மாடாய் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மட்டை தூக்குகிறவர்களின் ஆட்டம் அது. அதற்கு நடுவராக நிற்க இவ்வளவு கெடுபிடி தேவையா என்று நானே கேட்டிருக்கிறேன். "அவங்க சும்மா ஆடுறாங்கன்னா நானும் சும்மா பாக்கணுமா மாப்ள?" என்பார்.

பிழைப்புக்கு எடை இயந்திரம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய அளவுக்குத்தான் கடை. சோதனைக்கு வைத்திருக்கும் குட்டி எடைக்கற்களை விரலால் தொடமாட்டார். விரல் பிசுக்கு ஒட்டினால் எடை கூடிவிடுமாம். இடுக்கியால் எடுப்பார், இடுக்கியாலேயே திரும்ப வைப்பார். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, "என்னையாவது கையால தொடுவாராம்மா?" என்று அம்மாவிடம் கேட்டாள். அக்காவின் வாய் அப்படி.

என்னை நடுவராக்கியதும் மாமாதான். ஆட்டத்துக்கு இரண்டு நடுவர் வேண்டும், ஆளுக்குப் பாதி மைதானம். ஒரு ஞாயிறு இன்னொருத்தர் வராமல் போக, வேடிக்கை பார்க்க வந்த என் கையில் விசிலைத் திணித்தார். நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். நேரம் பார்க்கத் தெரியும், அது போதும் என்றார். இருபத்திரண்டு வருடம் சேர்ந்தே நின்றோம். சின்னச் சின்னத் தப்புகளை நான் கண்டும் காணாமல் விட்டுவிடுவேன். "உன் பக்கம் சந்தை, என் பக்கம் கோர்ட்டு" என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவார்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோலா இல்லையா என்று தகராறு வந்தால் இருவரும் ஓடிவந்து நடுவில் சேர்ந்து நிற்போம். ஆட்டக்காரர்கள் காதில் விழாமல் இருக்க, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றவர் காதோடு காதாகச் சொல்வோம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு கிழவிகள் ஊர் வம்பு பேசுவதுபோலத் தெரியும் என்று அக்கா கேலி செய்வாள்.

பிறகு அந்த நோய் வந்தது. எங்கள் குடும்பத்துக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். அக்காவுக்கு வந்துவிடக் கூடாது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று, ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பதுபோல மூச்சு வாங்கிக்கொள்வாள். மாமா கடையைச் சாத்தினார். எட்டு மாதம் மைதானத்துப் பக்கமே போகவில்லை. கதவுக் கைப்பிடியைத் துடைத்தார், பால் பாக்கெட்டைக் கழுவினார், செய்தித்தாளை வெயிலில் காயப்போட்டார்.

பார்வையாளர் இல்லாமல் ஆட்டம் நடத்தலாம் என்று அனுமதி வந்தபோது, மாமா வரமாட்டேன் என்றுதான் சொன்னார். அனுப்பி வைத்தது அக்கா. "வீட்ல எனக்கு மஞ்சள் கார்டு காட்டுறாரு தம்பி. டம்ளரைத் தப்பான எடத்துல வச்சிட்டேனாம். கூட்டிட்டுப் போ, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். நானும் விடாமல் நச்சரித்தேன். எட்டு மாதமாக டிப்போவும் வீடுமாகக் கிடந்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

மாமா சட்டம் போட்டுக்கொண்டுதான் வந்தார். ஊதுகிற விசில் கிடையாது. கையில் அழுத்துகிற பட்டன் விசில். முகத்தில் இரண்டு மாஸ்க். டாஸ் போட்ட காசை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. கை குலுக்கல் இல்லை. ஆட்டத்தின் ஒவ்வொரு கால் பகுதிக்கும் ஒரு பந்து, முடிந்ததும் துடைத்து வாளிக்குள் போட்டுவிட வேண்டும். எங்கள் காதோடு காது பேச்சுக்குப் பதிலாகக் கைச் சைகைகள் எழுதிக் கொடுத்தார். கட்டைவிரல் தூக்கினால் கோல், கையைக் குறுக்கே வைத்தால் இல்லை. ஆட்டம் முடிந்து வந்தால் பின்பக்கக் குழாயடியில் குளியல், துணி சோப்புத் தண்ணீரில், மூன்று நாள் முன்னறையில் தனிப் படுக்கை.

ஒவ்வொரு ஞாயிறு காலையும் எனக்கு போன் செய்து ஐந்து கேள்வி கேட்பார். காய்ச்சல் இருக்கா? தொண்டை எப்படி? இருமல்? வாசனை தெரியுதா? வீட்ல யாருக்காவது ஏதாவது? நான் ஐந்துக்கும் "இல்ல மாமா, நல்லாருக்கேன்" என்று ஒப்பித்துவிட்டுப் பல் விளக்கப் போவேன். நாலு ஞாயிறு நன்றாகப் போயின.

ஐந்தாவது ஞாயிறு காலை எனக்குத் தொண்டை கரகரவென்று இருந்தது. முதல் நாள் டிப்போவில் ஐஸ் தண்ணீர் குடித்திருந்தேன், அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் மாமா ஆட்டத்தையே நிறுத்திவிடுவார். முப்பது பேர் என்னால் வீடு திரும்ப வேண்டும். "தொண்டை எப்படி?" என்று கேட்டார். "நல்லாருக்கு மாமா" என்றேன். என் வாயில் புற்று வைத்திருக்கலாம் அன்றைக்கு.

தபால்காரர்களுக்கும் அச்சகத்துக்கும் ஆட்டம். கடைசிக் கால் பகுதி, ஒன்றுக்கு ஒன்று. மாமா பக்கம் கோல். கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் அரைவட்டம்தான் டி. அதற்கு வெளியிலிருந்து தபால்காரன் ஒருவன் வெளுத்த அடி, கும்பலுக்குள் ஏதோ மட்டையில் பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. டி-க்குள் அடிக்கிற அணியின் மட்டை பட்டிருந்தால்தான் அது கோல். மாமாவுக்கும் பந்துக்கும் நடுவில் நாலு முதுகு. தூரத்தில் நின்ற எனக்கு இடைவெளியில் பளிச்சென்று தெரிந்தது. பட்டது அச்சகத்துக்காரன் மட்டை.

மாமா என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நான் கையைக் குறுக்கே வைத்தேன். சரி, கோல் இல்லை. ஏன் இல்லை? தடுத்தவன் மட்டையில் பட்டதா, அடித்த அணிக்காரன் காலில் பட்டதா? அதைப் பொறுத்துத்தான் அடுத்த பந்து யாருக்கு என்று சொல்ல முடியும். எழுதிக் கொடுத்த சைகையில் அதற்கு வழியே இல்லை. இருபத்திரண்டு பேரும் ஒரே கூச்சல். நான் ஓடினேன். அவரும் ஓடிவந்தார். மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னது அவருக்குப் புரியவில்லை. "என்ன?" என்று காதைக் கொடுத்தார். நான் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு, கையால் வாயை மறைத்துக்கொண்டு, காதோடு காதாக, "டிஃபென்டர் மட்டை மாமா, நல்லாப் பாத்தேன்" என்றேன். அவருக்கும் மூச்சு முட்டியதோ என்னவோ, தன் மாஸ்க்கை இறக்கிவிட்டு, "நிச்சயமா?" என்று கேட்டார். "நிச்சயமா" என்றேன். பத்து விநாடிகூட இருக்காது. ஆட்டக்காரர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்பதில்தான் எங்கள் கவனம் முழுக்க இருந்தது.

செவ்வாய்க்கிழமை எனக்குச் சோப்பு வாசனை தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை மாமாவுக்குக் காய்ச்சல். மூன்று நாள் தனிப் படுக்கை முடிந்து உள்ளே வந்து ஒரு இரவுதான் ஆகியிருந்தது. "மாப்ள, நீயும் டெஸ்ட் எடுத்துடு" என்றார். இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து ஒன்பது நாள் கழித்துத்தான் போனேன். இல்லை என்று வந்தது. நான் தப்பித்துவிட்டதாகச் சொந்தபந்தம் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள்.

மாமாவுக்கு வீட்டிலேயே சரியாகிவிட்டது. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். யாரும் கூட இருக்கக் கூடாது. பதினோரு நாள். பன்னிரண்டாவது நாள் காலை போன் வந்தது. பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்த உடம்பை நாங்கள் ஆறு பேர் தள்ளி நின்று பார்த்தோம். முகம் தெரியவில்லை. பார்த்தது அவளைத்தான் என்று நம்பிக்கொண்டோம். நான் அழுதேன். ஆனால் அந்த அழுகையில் எனக்கே நம்பிக்கை இல்லை. கூடப் பிறந்தவளைக் கொன்றுவிட்டு அழுகிறவன் வேறு எப்படி அழுவான்?

நாலு மாதம் அந்தப் பாரத்தோடு டிப்போவுக்குப் போய்வந்தேன். மாமா கடையைத் திறந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் போனேன். இளைத்திருந்தார். மேசையில் தராசு எதுவும் இல்லை, ஒரு நோட்டு விரிந்து கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையை முழுக்க அதில் எழுதியிருந்தார். ஆறு மணிக்கு எழுந்தது, எந்தச் சட்டை, காசைத் துடைத்தது, எந்தக் குழாய், எத்தனை தடவை சோப்பு, துண்டை எங்கே போட்டது. அறுபது வரிக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு புள்ளி.

"எங்க தப்பு விட்டேன்னு பாக்குறேன்" என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "மாமா, அன்னைக்குக் காலையில போன்ல கேட்டீங்கல்ல, தொண்டை எப்படின்னு. நல்லாருக்குன்னு பொய் சொன்னேன். கரகரன்னுதான் இருந்துச்சு."

அவர் நிமிரவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"இருபத்திரெண்டு வருஷமா கேக்குற குரல் மாப்ள. தெரியாமப் போகுமா? எட்டு மாசம் கழிச்சு நாலு ஞாயிறுதான் ஆடிருக்கோம். விட்டுட்டேன். நானும் கண்டுக்கல."

"அப்புறம் எதுக்கு மாமா இந்த நோட்டு?"

"வேற ஏதாவது காரணம் கெடைக்குமான்னு."

நோட்டில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். பிறகு கேட்டார். "அச்சகத்து கோல்கீப்பர் இருமினானா அன்னைக்கு? யோசிச்சுச் சொல்லு."

ஆமாம் என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. ஒரு பொய் சொல்லி அனுபவித்தது போதும். "இருமல மாமா. யாருமே இருமல."

அவர் பேனாவை மூடினார். வெளியே யாரோ வந்து கடை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்கக்கா ஒரே ஒரு தடவைதான் பேசினா" என்றார். "நர்ஸ் போனைப் பிடிச்சுக்கிட்டாங்க. மூச்சு வாங்குது, வார்த்தை வரல. என்னைப் பத்திக் கேக்கப் போறான்னு நெனச்சேன். தம்பி அன்னைக்கு உங்ககூடத்தான நின்னான், அவனுக்கு ஒண்ணும் இல்லையேன்னு கேட்டா. அவனுக்கு ஒண்ணுமே இல்ல, டெஸ்ட்லயும் இல்லன்னு வந்துடுச்சுன்னேன்."

"என்ன சொன்னா மாமா?"

"அப்பாடான்னா. அதுக்கப்புறம் அவ பேசல."