மலையைச் சுற்றிய சைக்கிள் பந்தயம்

அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பெருமையாகப் பேச எனக்கு வராது. நினைத்தாலே முதலில் கைவலிதான் ஞாபகம் வருகிறது. ஒரு அண்டா நிறைய எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டு, பிசுபிசுத்த கையோடு சாலையோரம் நின்றுகொண்டு, சைக்கிளில் பறந்து வருகிறவன் நீட்டும் கையில் டம்ளரைச் சரியாகக் கொடுக்க வேண்டும். பாதிப் பேர் தட்டிவிட்டுப் போவார்கள். மீதிப் பேர் குடித்துவிட்டு டம்ளரை வீசுவார்கள். அதை எல்லாம் பொறுக்குவதும் நான்தான்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. புது மாவட்டத்துக்கு வந்த அலுவலகங்களில் ஒன்றுக்கு என் கணவரை மாற்றியிருந்தார்கள். செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இரண்டு அறை வீடு. மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை, குடி இல்லை, சிகரெட் இல்லை என்று விசாரித்த என் அப்பா, சைக்கிளைப் பற்றி விசாரிக்கவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

கல்யாணத்துக்கு முந்தின வருஷமே அவரும் நண்பர்கள் சிலரும் மலையை யார் முதலில் சுற்றி வருகிறார்கள் என்று போட்டி போட்டிருக்கிறார்கள். எல்லாம் வீட்டில் இருந்த சாதாரண சைக்கிள்கள். மட்கார்டையும் கேரியரையும் கழற்றி வைத்துவிட்டால் அது பந்தய சைக்கிள். நான் வந்த முதல் பொங்கல் விடுமுறையில், விடிந்ததும் விடியாததுமாக என்னை எழுப்பினார்.

"அடி அண்ணாமலை திருப்பத்துல நின்னுக்கோ. வர்றவங்களுக்குத் தண்ணி மட்டும் குடுத்தாப் போதும். வேற வேலையே கிடையாது."

வேற வேலையே கிடையாது என்ற அந்த வார்த்தையை நம்பித்தான் போனேன். பத்துப் பதினைந்து வருஷம் போயிற்று.

அப்போது அந்தச் சாலை இப்போது மாதிரி இல்லை. ஒரு பஸ் வந்தால் எதிரே வரும் மாட்டுவண்டி மண்ணில் இறங்கி நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் புளியமரங்கள். கார்த்திகை தீபத்தை விட்டால் கூட்டம் என்பதே கிடையாது. சாமியார்கள் சிலர், ஆடு மேய்க்கிறவர்கள், மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றிய வண்டிகள், அவ்வளவுதான். வழியில் இருக்கும் லிங்கக் கோயில்கள்தான் பந்தயக்காரர்களுக்கு அடையாளம். "எமலிங்கத்துல நாலாவதா இருந்தேன், குபேரலிங்கத்துல அவனைப் புடிச்சிட்டேன்" என்று மூச்சு வாங்கப் பேசுவார்கள். மூன்று சுற்று. எப்போதும் மலை வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர், எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் காற்று தொந்தரவு கம்மி என்று யோசனை சொன்னார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து சண்டைக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

வருஷத்துக்கு வருஷம் ஆள் கூடியது. வேலூரிலிருந்து வந்தார்கள், தருமபுரியிலிருந்து வந்தார்கள், சென்னையிலிருந்து வளைந்த ஹேண்டில் வைத்த ரேஸ் சைக்கிள்களோடு வந்தார்கள். பந்தயத்துக்கு முதல் நாளே வந்து எங்கள் வீட்டில்தான் படுப்பார்கள். கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. குளியலறைக்கு வரிசை. நான் பெரிய பாத்திரத்தில் பொங்கல் கிண்டுவேன். என் மகள் வயிற்றில் இருந்தபோதும் கிண்டினேன், அவளை இடுப்பில் வைத்துக்கொண்டும் கிண்டினேன். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் "ரொம்ப நல்லா இருந்துச்சிங்க அண்ணி" என்பார்கள். அந்த அண்ணி என்ற சொல்லுக்காகத்தான் என் கணவர் இத்தனையும் செய்கிறாரோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும். அவருக்கு வீட்டில் ஆள் நிறைந்திருக்க வேண்டும். எனக்கோ பந்தயம் முடிந்து அவர்கள் கிளம்பிப் போனதும், பெருக்காத கூடத்தில் அப்படியே படுத்துவிட வேண்டும் போலிருக்கும்.

அவர் இரண்டு மூன்று வருஷம் ஓட்டினார். பிறகு முட்டி வலி. ஓட்டுவதை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டார். ஜெயிப்பது என்னவோ எப்போதும் ஒரே ஆள். கீழ்பென்னாத்தூர்க்காரர், அங்கிருந்து டவுனுக்கு வேன் ஓட்டுகிறவர். ஒல்லியான உடம்பு, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். ஜெயித்ததும் மாலையைக் கழற்றி சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிவிட்டு, "வண்டி எடுக்கணும், டைம் ஆவுதுங்க" என்று போய்விடுவார். அவரைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். எங்கள் வீட்டில் தங்காத ஒரே போட்டியாளர் அவர்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் வர ஆரம்பித்தது. முதலில் பக்கத்து ஊர்க்காரர்கள், பிறகு எங்கெங்கிருந்தோ பஸ் பஸ்ஸாக. இரவெல்லாம் நடப்பார்கள். காலையில் நான் பால் வாங்கப் போகும்போது சாலையோரம் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு வருஷம் பௌர்ணமிக்கு மறுநாளே பந்தயம் வந்து வாய்த்தது.

"ஏங்க, ஒரு வாரம் தள்ளி வச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஊர் பூரா நோட்டீஸ் ஒட்டியாச்சும்மா. விடியறதுக்குள்ள ஜனங்கல்லாம் பஸ் ஏறிடுவாங்க."

ஏறவில்லை. வெயில் வந்த பிறகும் ஜனங்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். முதல் சுற்றில் சைக்கிள்காரர்கள் மணியடித்து, கத்தி, எப்படியோ வந்துவிட்டார்கள். இரண்டாவது சுற்றில் சிலர் சலித்துப்போய் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தர் என்னிடம் தண்ணீர் வாங்கி நிதானமாகக் குடித்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கீழ்பென்னாத்தூர்க்காரர் மட்டும் எப்படித்தான் சந்து கண்டுபிடித்தாரோ, வேகம் குறையாமல் என்னைத் தாண்டிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். "அக்கா, வாயுலிங்கத்தாண்ட ஆக்சிடென்ட்டு!"

நான் போய்ச் சேர்ந்தபோது, கோயிலுக்கு எதிரே சாலையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி. சாமி கும்பிட்டுவிட்டுச் சாலையைக் கடந்தவளை சைக்கிள் அடித்துவிட்டது. கால் பார்க்கக் கூடாத மாதிரி திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. அவளோடு வந்த நாத்தனார்தான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கீழ்பென்னாத்தூர்க்காரர் முழங்கையில் ரத்தம் வழிய, கைகூப்பியபடி அவள் எதிரே மண்டியிட்டிருந்தார். "தெரியலம்மா, தெரியலம்மா" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு எதுவும் வரவில்லை. என் கணவர் மைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். மூன்று பேருமாக அவளைத் தூக்கி ஒரு வேனில் ஏற்றினோம். அன்று யார் ஜெயித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அவளுக்குத் திருக்கோவிலூர் பக்கம் ஒரு கிராமம். புருஷன் இல்லை. மகன் எங்கோ கட்டட வேலைக்குப் போனவன், தகவல் சொல்லியும் வரவில்லை. நாத்தனார் இரண்டு நாள் இருந்துவிட்டு, அறுப்பு இருக்கிறது என்று போய்விட்டாள். ஆக, ஆஸ்பத்திரியில் அவளுக்கு நாங்கள்தான். காலையில் நான் சாப்பாடு கொண்டு போவேன், சாயந்திரம் அவர் அலுவலகம் விட்டதும் போவார். கீழ்பென்னாத்தூர் வேன்காரர் நடுவில் எப்போதாவது வந்து, ஆரஞ்சுப் பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார்.

அவள் சாது இல்லை. "இன்னாம்மா ரசம் இது, புளி கம்மியா இருக்குதே" என்பாள். மறுநாள் புளி சேர்த்தால் உப்பு ஜாஸ்தி என்பாள். வீடு, குழந்தை, ஆஸ்பத்திரி என்று நான் நடந்து நடந்து ஓய்ந்துபோயிருந்தேன். ஒருநாள் கோபமாகவே பாத்திரத்தை வைத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உக்காரும்மா. ஒன்ன ஒண்ணு கேக்கறேன். அந்த மலைய இம்மாம் வேகமா சுத்தறாங்களே, இன்னாத்துக்கு? அவரு எங்கனா ஓடிப் போயிடுவாரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி இரண்டு பேரும் சிரித்தோம். இத்தனை வருஷத்தில் இதை நான் என் கணவரிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

கட்டுப் பிரித்து அனுப்பும் சமயத்தில் அவள் ஊருக்குப் போகமாட்டேன் என்றாள். "பாதி சுத்துல உழுந்துட்டேன். மிச்சத்த முடிக்காம போனா மனசு ஆறாது. வாயுலிங்கத்துலேர்ந்து உட்டாப் போதும்."

"காலை ஊனக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரேம்மா" என்றார் என் கணவர். "என் வேன்ல உக்காருங்க, நான் சுத்திக் காட்டறேன்" என்றார் கீழ்பென்னாத்தூர்க்காரர்.

"வேன்ல போறதுக்கு நான் இன்னா சுற்றுலாவா வந்தேன்?"

கடைசியில், என் கணவர் அலுவலகத்துக்குப் போகும் சைக்கிளின் கேரியரில் ஒரு தலையணையைக் கட்டி அவளை உட்கார வைத்தோம். வேன்காரர் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளினார். என் கணவர் அவள் தோளைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால். மூவருமே செருப்புப் போடவில்லை. அவள் போடவிடவில்லை. வழியெல்லாம் அவள்தான் பேசினாள். குபேரலிங்கத்தில் இறக்கிவிடச் சொல்லி, எங்கள் இருவர் தோளிலும் தொங்கிக்கொண்டு உள்ளே போய்க் கும்பிட்டாள். வெயில் ஏறிவிட்டது. தார் சுட்டது. அந்தச் சாலையில் காற்றாகப் போகிறவர் என்று பெயர் எடுத்த மனிதர், ஒரு பள்ளம்கூடத் தட்டாமல் அவ்வளவு மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார். ஈசான்யலிங்கம் தாண்டி, ராஜகோபுரத்துக்கு முன்னால் வந்து நின்றபோது அவர் சட்டை முழுக்க வியர்வை. ஜெயித்த நாட்களில்கூட அவருக்கு அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை.

அவள் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவர் தலையில் கை வைத்தாள். "நல்லா இரு தம்பி. மெதுவா போ."

அவளை அவர் வேனிலேயே ஊரில் கொண்டுபோய் விட்டு வந்தார். அடுத்த பொங்கலுக்கு என் கணவர் அவரைத் தேடிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"வரலையாம்" என்றார்.

"ஏன்?"

"'போதும்ணா'ன்னான். அவ்வளவுதான்."

அதற்குப் பிறகும் பந்தயம் நடந்தது. நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் குறைந்தார்கள். சாலையை அகலப்படுத்தினார்கள், விளக்குப் போட்டார்கள், நடைபாதை போட்டார்கள். அங்கங்கே வேகத்தடை வந்தது. அனுமதி வாங்க என் கணவர் ஒவ்வொரு மேசையாக அலைந்தார். தெரிந்தவர்களே "எதுக்கு சார் ரிஸ்க்கு" என்றார்கள். ஒரு வருஷம் கிடைத்தது, ஒரு வருஷம் கிடைக்கவில்லை. பிறகு வேங்கிக்கால் பக்கம், புது வீடுகள் வந்துகொண்டிருந்த இடத்தில், நேராகப் போய்த் திரும்பி வருவது மாதிரி ஒரு பந்தயம் வைத்துப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் வந்தார்கள். வேடிக்கை பார்க்க நானும், கட்டட வேலை செய்கிறவர்கள் நாலைந்து பேரும், என் மகளும். பாதியில் மகள், "அம்மா, வீட்டுக்குப் போலாமா?" என்றாள். என் கணவர் மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார். குரலில் தெம்பே இல்லை. வீட்டுக்கு வந்து மைக்கையும் ஒலிபெருக்கியையும் பரணில் ஏற்றினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இளைஞர்கள் கொஞ்சம் பேர் வீட்டுக்கு வந்தார்கள். கையில் செல்போன், வாசலில் மோட்டார் பைக்குகள். பழைய பந்தயத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சார், நீங்க முன்னால நின்னா மறுபடியும் நடத்திடலாம் சார். இப்ப ரோடு சூப்பரா இருக்கு. ஸ்பான்சர் நாங்க பாத்துக்கறோம். நீங்க வந்து கொடி அசைச்சாப் போதும், வேற வேலையே கிடையாது."

என் கணவரின் முகம் மாறியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை சுற்று, எங்கே ஆரம்பம் என்று அவர் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். சமையலறை வாசலில் நின்றிருந்த எனக்குத் தோள்பட்டை அப்போதே வலிக்க ஆரம்பித்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்றே?"

அதுவரை அந்தப் பந்தயத்தைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதே இல்லை. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

"வேணாம்பா" என்றேன், அந்தப் பிள்ளைகளிடம். "எங்களால முடியாது. நீங்க சின்னவங்க, வேற எங்கயாவது நல்லா காலி ரோடாப் பாத்து வச்சுக்குங்க. இங்க ஜனங்க நடக்கறாங்க."

அவர்கள் சங்கடமாக எழுந்தார்கள். டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான் உட்கார வைத்தேன். குடித்துவிட்டு, நல்லா இருந்துச்சிங்க ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பைக் சத்தம் சந்து முனையில் அடங்கும்வரை என் கணவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பசங்க" என்றார்.

"ஆமா."

"நான் கொஞ்சம் படுக்கறேன்" என்று உள்ளே போனார். நான் டம்ளர்களை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டு, நானும் போய் அவர் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தேன். பகலில் நாங்கள் இருவரும் ஒன்றாகத் தூங்கியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சாயந்திரம் மகள் வந்து கதவைத் தட்டும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.